பாணிக்குப் பட்டா கிடையாது: செயற்கை நுண்ணறிவுப் படங்களும் ஓவியரின் வரும்படியும்

2025 டிசம்பரில் மத்திய அரசின் தொழில் மற்றும் உள்நாட்டு வர்த்தக ஊக்குவிப்புத் துறை ஒரு பணி அறிக்கையை வெளியிட்டது. முறைப்படி அணுகக் கிடைக்கும் எந்தப் படைப்பையும் செயற்கை நுண்ணறிவு நிறுவனங்கள் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளலாம், படைப்பாளி மறுக்க முடியாது, ஆனால் அதற்காக ராயல்டி கொடுத்தாக வேண்டும் என்பது அது முன்வைத்த பரிந்துரையின் சாரம். செய்தி வெளிவந்ததும் இரண்டு விதமான பேச்சு கிளம்பியது. ஓவியர்களுக்கு இனி பணம் வரும் என்றார்கள் சிலர். கதவைப் பூட்டும் உரிமையைப் பிடுங்கிக்கொண்டு வாடகை தருகிறேன் என்பது என்ன நியாயம் என்றார்கள் வேறு சிலர்.

இரு தரப்பாரும் ஒரு கேள்வியைக் கேட்காமலே கடந்துவிட்டார்கள். ஒரு படத்தை வரைந்தவரும் சட்டத்தின் கண்ணில் அந்தப் படத்துக்கு உரியவரும் ஒரே ஆள்தானா? கூலிக்கு வரையும் ஓவியரைப் பொறுத்தவரை, இந்தியாவில் பெரும்பாலும் இல்லை. அது ஏன் என்று புரிந்துகொள்ள, இயந்திரம் என்ன செய்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

ஒரு சொல் விளக்கம் முதலில். புத்தகம், படம், பாட்டு ஆகியவற்றின் மீது படைப்பாளிக்கு இருப்பது பதிப்புரிமை. புதிய கருவிக்கும் மருந்துக்கும் தரப்படுவது காப்புரிமை. நாளிதழ்கள் இரண்டையும் மாற்றி மாற்றி எழுதுகின்றன. இந்தக் கட்டுரை முழுக்கப் பேசுவது பதிப்புரிமையைத்தான்.

இயந்திரம் எப்படி வரைகிறது

1. சேகரிப்பு. ஜெர்மனியில் இயங்கும் லயான் என்ற இலாப நோக்கற்ற அமைப்பு 2022-இல் 585 கோடி படங்களின் இணைய முகவரிகளையும், ஒவ்வொரு படத்தோடும் இருந்த விளக்க வாசகத்தையும் தொகுத்து வெளியிட்டது. படங்களை அது சேமித்துத் தரவில்லை, இருக்குமிடத்தைக் காட்டியது. வரைந்த யாரிடமும் கேட்கவும் இல்லை.

2. சிதைத்தல். பயிற்சியின்போது ஒவ்வொரு படத்தின் மீதும் கொஞ்சம் கொஞ்சமாகப் புள்ளி இரைச்சல் தூவப்படுகிறது. பழைய தொலைக்காட்சியில் நிலையம் கிடைக்காதபோது தெரியுமே, அந்தப் புள்ளி மழை. கடைசியில் படமே தெரியாமல் போகிறது.

3. மீட்டல். எந்த இடத்தில் எவ்வளவு இரைச்சல் தூவப்பட்டது என்று கணிக்க இயந்திரம் பழக்கப்படுத்தப்படுகிறது. கோடிக்கணக்கான முறை தவறி, திருத்தி, கடைசியில் அதற்குக் கணிப்பு கைவந்துவிடுகிறது.

4. வரைதல். வெறும் இரைச்சலைக் கொடுத்து, கூடவே ஒரு வாசகத்தையும் கொடுத்தால், அந்த வாசகத்துக்குப் பொருந்தும் படம் இருக்கிறது என்றே நம்பி இரைச்சலை விலக்கிக்கொண்டே போகிறது. விலக்கிய பிறகு மிஞ்சுவதுதான் நாம் பார்க்கும் ஓவியம்.

2022 ஆகஸ்டில் வெளியான ஸ்டேபிள் டிஃப்யூஷன் என்ற படக் கருவி இப்படித்தான் உருவானது. லயான் தொகுப்பிலிருந்து 200 கோடிக்கு மேற்பட்ட படங்கள் அதன் பயிற்சிக்கு அடிப்படையாக இருந்தன. பயிற்சி முடிந்து வெளிவந்த கோப்பின் (இதைத்தான் ‘மாதிரி’ என்கிறார்கள்) அளவோ சுமார் 4 ஜிகாபைட். வகுத்துப் பார்த்தால் ஒரு படத்துக்கு 2 பைட்தான் வருகிறது. இணையத்தில் வழக்கமாகப் பயன்படும் குறியீட்டில் ‘அ’ என்ற ஒற்றை எழுத்தைச் சேமிக்கவே 3 பைட் வேண்டும். ஆகவே படங்கள் அப்படியே உள்ளே அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன என்று சொல்வது பிழை. ஆனால் ஒரே படம் இணையத்தில் நூற்றுக்கணக்கான இடங்களில் கிடந்தால் இயந்திரம் அதை மனப்பாடம் செய்துவிடுவதும் உண்டு. 2023-இல் ஆய்வாளர்கள் அதிகம் திரும்பத் திரும்ப வந்த 3,50,000 படங்களைக் குறிவைத்துச் சோதித்ததில் சுமார் 100 படங்களை ஏறத்தாழ அச்சு அசலாக வெளியே எடுத்துக் காட்டினார்கள்.

இயந்திரம் எதைக் கற்றது, எதைக் கற்கவில்லை என்று பார்க்க ஒரு சின்னச் சோதனை போதும். மார்கழி அதிகாலையில் வாசலில் சிக்குக் கோலம் போடும் பெண்ணை வரையச் சொல்லுங்கள். பனி மூட்டம், விளக்கொளி, ஈரத் தரையின் மினுமினுப்பு எல்லாம் கச்சிதமாக வரும். கோலத்தை மட்டும் பெரிதாக்கிப் பாருங்கள். புள்ளி வரிசை பாதியில் தடம் மாறியிருக்கும். தொடங்கிய இடத்துக்கே திரும்பி வந்து சேர வேண்டிய கம்பி நடுவழியில் செத்துப்போயிருக்கும். சில சமயம் முந்தானை வலது தோளில் கிடக்கும். கோலம் எப்படித் தோன்றும் என்பது இயந்திரத்துக்குத் தெரியும், எப்படிப் போடுவது என்பது தெரியாது. இந்தக் கோலம் பின்னால் மறுபடி வரும், நினைவில் இருக்கட்டும்.

நகலா, கற்றலா? ஒரே வாரத்தில் இரண்டு பதில்

2025 நவம்பர் 4 அன்று லண்டன் உயர் நீதிமன்றம், புகைப்படங்களை விற்கும் கெட்டி இமேஜஸ் நிறுவனம், ஸ்டேபிள் டிஃப்யூஷனை வெளியிட்ட ஸ்டெபிலிட்டி ஏஐ மீது தொடுத்த வழக்கில் தீர்ப்பளித்தது. பயிற்சி பெற்ற மாதிரிக்குள் படங்களின் பிரதி ஏதும் சேமிக்கப்படவில்லை, ஆகவே அந்த மாதிரியே ஒரு திருட்டு நகல் என்று சொல்ல முடியாது என்றார் நீதிபதி. வணிகச் சின்ன மீறலில் மட்டும் கெட்டிக்குச் சிறு வெற்றி. அதன் நீர்க்குறி சில படங்களில் அரைகுறையாகத் தலைகாட்டியதுதான் காரணம். பயிற்சியே மீறல் என்ற பெரிய குற்றச்சாட்டை கெட்டி வழக்கின் நடுவிலேயே கைவிட்டுவிட்டது. பயிற்சி பிரிட்டன் மண்ணில் நடந்ததற்குச் சான்று இல்லை என்பதே காரணம்.

சரியாக ஒரு வாரம் கழித்து, நவம்பர் 11 அன்று, மியூனிக் நீதிமன்றம் பாடல் வரிகள் தொடர்பான வழக்கில் எதிர்த்திசையில் போனது. மாதிரி மனப்பாடம் செய்த வரிகளைத் திரும்பக் கொட்டுகிறது என்றால் அதற்குள் பிரதி இருக்கிறது என்றுதான் பொருள் என்று கூறி, சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது.

அமெரிக்காவில் நிலைமை இன்னும் சிடுக்கு. சாரா ஆண்டர்சன் உள்ளிட்ட மூன்று ஓவியர்கள் படக் கருவி நிறுவனங்கள் மீது 2023 ஜனவரியில் தொடுத்த வழக்கைப் பதிப்புரிமை மீறல் என்ற அடிப்படையில் மேலே கொண்டுபோகலாம் என்று 2024 ஆகஸ்டில் நீதிமன்றம் அனுமதித்தது. 2025 ஜூனில் டிஸ்னியும் யுனிவர்சலும் மிட்ஜர்னி என்ற படக் கருவி நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டன. அதே மாதம் நூலாசிரியர்கள் தொடுத்த இரு வழக்குகளில், பயிற்சிக்குப் பயன்படுத்தியது நியாயமான பயன்பாடே (அனுமதி இல்லாமலும் சட்டம் ஏற்கும் பயன்பாடு) என்று இரு நீதிபதிகள் சொன்னார்கள். அவற்றில் ஒரு வழக்கை எதிர்கொண்ட ஆந்த்ரோபிக் என்ற செயற்கை நுண்ணறிவு நிறுவனம் பின்னர் 150 கோடி டாலருக்கு, அதாவது புத்தகம் ஒன்றுக்குச் சுமார் 3,000 டாலர் வீதம், சமரசத்துக்கு வந்தது. ஆனால் அந்தப் பணம் திருட்டுத் தளங்களிலிருந்து புத்தகங்களை இறக்கியதற்காக. பயிற்சிக்கு இதுதான் விலை என்று அதை வைத்துக் கணக்குப் போடுகிறவர்கள் ஏமாந்துபோவார்கள்.

மற்றொரு வழக்கில், மெட்டாவுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்த நீதிபதி சாப்ரியா தன் தீர்ப்பில் சொன்ன ஒரு கருத்துதான் ஓவியர்களுக்கு முக்கியமானது. ஒரு குறிப்பிட்ட படைப்பின் நகலை இயந்திரம் வெளியிடாவிட்டாலும், அதே வகைச் சரக்கை எண்ணிலடங்காமல் சந்தையில் கொட்டி மூலப் படைப்பின் விலையைக் கரைத்துவிட முடியும், அதுவும் ஒரு பாதிப்புதான் என்றார். நகலைத் தேடிக்கொண்டிருந்த வாதம் அங்கே கூலியின் பக்கம் திரும்பியது.

பாணி யாருக்கும் சொந்தமில்லை

சட்டம் காப்பது வரைந்த படத்தை. வரையும் முறையை அது காப்பதில்லை. இந்தக் கோடு உலகெங்கும் ஏறத்தாழ ஒன்றுதான், அதற்கு நல்ல காரணமும் இருக்கிறது. நம் வீட்டு நாள்காட்டியில் தாமரை மீது நிற்கும் லட்சுமியின் முகமும் நிழலும் ரவிவர்மா வழி வந்தவை. கோவில்பட்டியில் இருந்த கொண்டையராஜுவும் அவருடைய மாணவர்களும் அந்த மரபைத் தங்கள் கையால் வேறாக்கி, சிவகாசி அச்சகங்கள் வழியாக ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். பாணிக்குப் பட்டா இருந்திருந்தால் அந்த நாள்காட்டிகளே வந்திருக்காது.

அப்படியென்றால் இயந்திரம் செய்வதில் மட்டும் என்ன தவறு? ‘மனிதனும் பார்த்துத்தானே கற்கிறான்’ என்ற வாதம் இங்கேதான் வருகிறது. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் பார்த்துக் கற்ற மாணவன் பத்தாண்டு உழைக்கிறான். அவன் கையும் ஒரு நாளைக்கு இத்தனை படம்தான் வரையும். அவனுக்கும் பசிக்கும் என்பதால் ஒரு விலைக்குக் கீழே அவனால் இறங்க முடியாது. பாணியைச் சட்டம் காக்காமல் விட்டது இந்த இயற்கைக் கட்டுப்பாடுகளை நம்பித்தான். இயந்திரத்துக்கு அவற்றில் ஒன்றுகூட இல்லை.

போலந்து ஓவியர் கிரெக் ருட்கோவ்ஸ்கி கற்பனை விளையாட்டுகளுக்கு டிராகன்களையும் போர்க்களங்களையும் வரைகிறவர். 2022-இல் அவர் பெயரைக் கட்டளை வாசகத்தில் சேர்த்துப் படம் கேட்டது பல்லாயிரம் முறை நடந்தது. தன் பெயரை இணையத்தில் தேடினால் தான் வரையாத படங்களே வந்து நிற்கின்றன என்பது அவர் குறை. ஒரு ஓவியரின் பெயர் அவருடைய கடைப்பலகை. அந்தப் பலகையைக் கழற்றி வேறு கடை வாசலில் மாட்டினால் அது பாணியைக் கற்பதோடு நிற்கவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் கொரிய ஓவியர் கிம் ஜுங் கி இறந்தார். சில நாட்களுக்குள் அவர் ஓவியங்களால் பழக்கப்படுத்திய மாதிரி ஒன்றை ஒருவர் பொதுவில் வைத்தார், அஞ்சலி என்ற பெயரில்.

பிறகு 2025 மார்ச். ஓப்பன்ஏஐ புதிய படக் கருவியை வெளியிட்ட ஒரு வாரத்தில் 13 கோடிப் பேர் 70 கோடிப் படங்களை உருவாக்கினார்கள் என்று அந்நிறுவனமே அறிவித்தது. குடும்பப் புகைப்படங்கள் எல்லாம் ஜப்பானின் ஜிப்லி ஸ்டுடியோ பாணிக்கு மாறின. நம் நாட்டில் அரசின் அதிகாரப்பூர்வ சமூக ஊடகக் கணக்கே பிரதமரின் படங்களை அந்தப் பாணியில் பதிவிட்டது. சட்டப்படி ஜிப்லியிடம் அனுமதி கேட்க வேண்டுமா என்றால், பாணிக்குத் தேவையில்லை. பயிற்சிக்குத் தேவையா என்பது வேறு கேள்வி. 2025 அக்டோபர் இறுதியில், ஜிப்லியும் அங்கம் வகிக்கும் ஜப்பானிய உள்ளடக்க நிறுவனங்களின் சங்கம், உறுப்பினர்களின் படைப்புகளை அனுமதியின்றிப் பயிற்சிக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று ஓப்பன்ஏஐக்குக் கடிதம் எழுதியது.

அனுமதி கேட்பது நடைமுறைக்கு ஒத்துவராது என்று சொல்கிறவர்களுக்குத் தமிழ்த் திரையுலகிலேயே பதில் இருக்கிறது. 2024-இல் வெளியான ‘லால் சலாம்’ படத்தில், மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, ஷாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களைச் செயற்கை நுண்ணறிவால் மீட்டுப் பயன்படுத்திய ஏ.ஆர். ரஹ்மான், குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, அதற்குரிய பணமும் கொடுத்ததாக அறிவித்தார். கேட்கப்பட வேண்டியவர் யார் என்று தெரிந்தால் கேட்கலாம். 585 கோடிப் படங்களில் கேட்பது கடினம் என்பது உண்மைதான். கடினம் என்பதால் கேட்கவே வேண்டாம் என்ற முடிவுக்கு வந்தது தொழில்நுட்பம் இல்லை, மனிதர்கள்.

நட்டம் எந்தப் படியில் விழுகிறது

பெரிய ஏலக் கூடங்களில் கோடிகளுக்கு விலைபோகும் ஓவியர்களை இயந்திரம் அசைக்கவில்லை. அங்கே விற்பது கையெழுத்தும் வரலாறும். அடி விழுவது கீழ்ப் படிகளில்: வார இதழ்க் கதைக்கு ஒரு படம், கவிதைத் தொகுப்புக்கு ஓர் அட்டை, சிறுவர் நூலுக்கு 12 பக்கச் சித்திரம், குடமுழுக்குச் சுவரொட்டி, கல்யாணப் பத்திரிகையில் மணமக்களின் கேலிச்சித்திரம், காணொளிக்கு முகப்புப் படம். இவற்றில் எதுவும் ஓவியருக்குப் புகழ் தருவதில்லை. ஆனால் மாத வாடகை இவற்றிலிருந்துதான் வருகிறது. கை பழகுவதும் இவற்றில்தான்.

பிரிட்டனின் எழுத்தாளர் சங்கம் 2024 தொடக்கத்தில் தன் உறுப்பினர்களிடம் நடத்திய கருத்துக் கணிப்பில், ஓவியர்களில் 26 சதவீதத்தினர் ஏற்கெனவே வேலை இழந்ததாகவும் 37 சதவீதத்தினர் வருமானத்தின் மதிப்பு குறைந்ததாகவும் சொன்னார்கள். இரண்டாவது எண் பெரியது என்பதைக் கவனிக்க வேண்டும். வேலை போவதைக் காட்டிலும் கூலி தேய்வதுதான் பரவலாக நடக்கிறது. அது நடக்கும் விதம் இப்படி:

1. வாடிக்கையாளர் முதலில் இயந்திரத்தில் ஒரு படம் எடுத்துக்கொண்டு வருகிறார். ‘இதே மாதிரி வேண்டும்’ என்கிறார். கற்பனை செய்வதற்கான கூலி அங்கேயே கழிந்துவிடுகிறது.

2. அடுத்த முறை, ‘படம் இருக்கிறது, அந்தக் கோலத்தை மட்டும் சரிசெய்து, முந்தானையை இடப் பக்கம் மாற்றிக் கொடுங்கள்’ என்கிறார். மூன்று நாள் வேலை அரை மணி நேர வேலை ஆகிறது, கூலியும் அப்படியே. உண்மையில் பிறர் வரைந்த கோணத்துக்குள் புகுந்து ஒரு சிக்குக் கோலத்தைச் சாய்வாகப் பொருத்துவது புதிதாக வரைவதைவிடத் தொல்லை பிடித்த வேலை. அதை வாடிக்கையாளருக்குப் புரியவைக்க முடியாது.

3. மூன்றாம் முறை அவர் வருவதில்லை. கோலத்தை யார் உற்றுப் பார்க்கப் போகிறார்கள் என்று அப்படியே அச்சிட்டுவிடுகிறார்.

தமிழகம் இதுபோன்ற ஒன்றை முன்பே பார்த்திருக்கிறது. திரையரங்கு வாசலில் நின்ற கையால் வரைந்த பேனர்கள் 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஃபிளெக்ஸ் அச்சுக்கு இடம் விட்டு மறைந்தன. ஆளுயர முகத்தைக் கட்டம் போட்டுப் பெரிதாக்கத் தெரிந்தவர்களுக்குப் பிழைப்பு போனது. கணினி வடிவமைப்பாளர்களுக்கு வேலை பிறந்தது, ஆனால் அது பிறந்தது வேறு ஆட்களுக்கு. ‘பழைய வேலை போனால் புது வேலை வரும்’ என்கிறவர்கள் இந்த ‘வேறு ஆட்கள்’ என்பதை விழுங்கிவிடுவார்கள். இன்னொரு வித்தியாசமும் உண்டு. ஃபிளெக்ஸ் இயந்திரத்துக்கு பேனர் ஓவியரிடமிருந்து எதுவும் தேவைப்படவில்லை. இன்றைய இயந்திரமோ யாருடைய வேலையை எடுக்கிறதோ அவர்கள் வரைந்ததைத் தின்றுதான் வளர்ந்தது.

படத்தின் சொந்தக்காரர் யார்: 17-ஆம் பிரிவு

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இல் வந்தது. அதன் 17-ஆம் பிரிவு, படைப்பின் முதல் உரிமையாளர் படைப்பாளியே என்று தொடங்குகிறது. உடனே விதிவிலக்குகளை அடுக்குகிறது. ஓவியருக்கு வேண்டிய விஷயம் அந்த விதிவிலக்குகளில் இருக்கிறது.

1. பணம் கொடுத்து வரையச் சொன்னால். ஒருவர் கேட்டு, அதற்கு ஊதியமும் கொடுத்து ஓவியம் வரையப்பட்டால், மாறான ஒப்பந்தம் இல்லாதபோது முதல் உரிமையாளர் கேட்டவர்தான். வரைந்தவர் இல்லை. கல்யாணப் புகைப்படத்துக்கும் இதே விதிதான். வெறும் கோட்டுச்சித்திரம் இந்த விதிவிலக்கில் அடங்குமா என்று வழக்கறிஞர்கள் மணிக்கணக்கில் வாதாடலாம், ஏனென்றால் அந்த வாக்கியம் வண்ண ஓவியத்தையும் உருவப்படத்தையும்தான் பெயர் சொல்லிக் குறிக்கிறது. அந்த வாதத்துக்கு ஆகும் செலவு படத்தின் கூலியைப் போல நூறு மடங்கு இருக்கும்.

2. பத்திரிகையில் சம்பளத்துக்கு இருந்தால். பத்திரிகையில் வெளியிடும் உரிமை மட்டும் உரிமையாளருக்கு, மற்ற எல்லா வகையிலும் முதல் உரிமை ஓவியருக்கு. இதுவும் மாறான ஒப்பந்தம் இல்லாதபோதுதான்.

3. வேறு வேலைகளில் சம்பளத்துக்கு இருந்தால். பணியின்போது வரைந்தது முதலாளிக்கு.

ஒன்றையும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு விசித்திரம் தெரியும். மாதச் சம்பளத்தில் பத்திரிகை அலுவலகத்தில் உட்கார்ந்து வரைந்தவருக்குத் தன் படங்கள் மீது பாதிக்கு மேல் உரிமை மிஞ்சுகிறது. வீட்டிலிருந்து சுதந்திரமாகப் படத்துக்கு இவ்வளவு என்று வரைந்து கொடுத்தவருக்கு, எழுத்தில் ஒன்றும் இல்லாவிட்டால், எதுவுமே மிஞ்சாமல் போகலாம். சுதந்திரக் கலைஞர் என்ற பெயருக்கு இது கொஞ்சம் கூடுதல் விலைதான்.

இதே பிரிவின் நிழலை 2025 ஆகஸ்டில் தமிழ் ரசிகர்கள் திரையரங்கிலேயே பார்த்தார்கள். தனுஷ் நடித்த ‘அம்பிகாபதி’ படம், சோகமான முடிவைச் செயற்கை நுண்ணறிவால் மாற்றி மறுபடி வெளியிடப்பட்டது. இயக்குநர் ஆனந்த் எல். ராய் எதிர்த்தார், தனுஷும் இது படத்தின் ஆன்மாவைப் பறித்துவிட்டது என்று வருந்தி அறிக்கை விட்டார். உரிமை வைத்திருந்த நிறுவனம் அசரவில்லை. திரைப்படத்தின் ‘ஆசிரியர்’ என்று சட்டம் சொல்வது தயாரிப்பாளரை. இயக்குநருக்கு அங்கே நாற்காலியே போடப்படவில்லை.

ஓவியருக்கு அந்த நாற்காலியாவது இருக்கிறது. 57-ஆம் பிரிவு, உரிமையை விற்றுவிட்ட பிறகும், வரைந்தவர் நான்தான் என்று சொல்லும் உரிமையையும், தன் மதிப்புக்குக் கேடு வரும்படி படைப்பைச் சிதைத்தால் தடுக்கும் உரிமையையும் படைப்பாளியிடமே விட்டுவைக்கிறது. சிற்பி அமர்நாத் சேகல் டெல்லி விஞ்ஞான் பவனில் படைத்த சுவர்ச் சிற்பத்தை மத்திய அரசு பெயர்த்தெடுத்துச் சேதப்படுத்திய வழக்கில், 2005-இல் டெல்லி உயர் நீதிமன்றம் அரசுக்கு எதிராக 5 லட்சம் ரூபாய் இழப்பீடு விதித்தது இந்தப் பிரிவின் பலத்தில்தான். ஆனால் பயிற்சிக்குப் பயன்படுத்துவது சிதைப்பதா? 200 கோடிப் படங்களில் ஒன்றாக அரைபட்டுப் போவதைச் சிதைவு என்று நிரூபிப்பது லேசான காரியம் இல்லை.

ராயல்டி வந்தால் யார் கையில் சேரும்

இப்போது பணி அறிக்கைக்குத் திரும்பலாம். அதன் ஏற்பாடு இப்படி: நிறுவனங்களுக்குக் கட்டாய உரிமம். கட்டணத்தை அரசு நியமிக்கும் குழு நிர்ணயிக்கும். கருவி வருமானம் ஈட்டத் தொடங்கியதும் அதிலிருந்து ஒரு விகிதம் ராயல்டியாக வரும். மைய அமைப்பு ஒன்று வசூலித்து, ஒவ்வொரு வகைப் படைப்புக்கும் உள்ள சங்கத்தின் வழியாகப் பிரித்துக் கொடுக்கும். மென்பொருள் நிறுவனங்களின் சங்கமான நாஸ்காம், பயிற்சிக்கு முழு விலக்கு வேண்டும் என்று மாறுபட்டது. நிறுவனங்கள் தரப்பின் முணுமுணுப்பைப் பற்றி நிறையவே எழுதப்பட்டுவிட்டது. ஓவியர் பக்கத்தில் மூன்று ஓட்டைகள் இருக்கின்றன, அவற்றைப் பற்றி அதிகம் பேச்சில்லை.

முதலாவது, சங்கம். பாடலாசிரியர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் 1969 முதல் ஐபிஆர்எஸ் என்ற ராயல்டி வசூல் சங்கம் இருக்கிறது. ஓவியர்களுக்கு அந்த அளவில் வசூலித்துப் பங்கிட்டுப் பழகிய சங்கம் கிடையாது. குழாய் போடாத வீட்டுக்குத் தண்ணீர் திறந்துவிடுவது போன்றது இது.

இரண்டாவது, 17-ஆம் பிரிவு. ராயல்டி போவது உரிமையாளருக்கு. கூலிக்கு வரைந்த அட்டைப் படத்தின் உரிமையாளர் பதிப்பாளர் என்றால், அந்தப் படத்தைத் தின்று வளர்ந்த இயந்திரம் ஓவியருடைய அடுத்த வேலையை எடுத்துக்கொள்ளும், அதற்கான ராயல்டி பதிப்பாளருக்குப் போகும். பாடலாசிரியர்களுக்கு இந்த ஆபத்து 2012 திருத்தத்தில் ஓரளவு அடைக்கப்பட்டது. திரைப்படத்திலோ ஒலிப்பதிவிலோ இடம்பெறும் எழுத்துக்கும் இசைக்கும் உரிய ராயல்டியில் சம பங்கை அவர்கள் விட்டுக்கொடுக்கவே முடியாது என்று சட்டம் எழுதியது. எழுத்துக்கும் இசைக்கும் மட்டும்தான். ஓவியத்தைப் பற்றி அந்தச் சம பங்கு விதியில் ஒரு சொல் இல்லை. ராயல்டித் திட்டத்தைச் சட்டமாக்கும்போது அதே பாதுகாப்பை ஓவியருக்கும் நீட்டாவிட்டால், இந்தத் திட்டம் ஓவியருக்கானது என்று யாரும் சொல்லக் கூடாது.

மூன்றாவது, சாதாரணப் பெருக்கல் வகுத்தல். ஒரு கணக்குக்காக, படங்களின் பங்குக்கு ஆண்டுக்கு 100 கோடி ரூபாய் வசூலாகிறது, பயிற்சியில் இருப்பவை 200 கோடிப் படங்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு படத்துக்கு 50 காசு. வாழ்நாளில் 1,000 படங்களை இணையத்தில் ஏற்றிய ஓவியருக்கு ஆண்டுக்கு 500 ரூபாய். ஒரு தரமான தூரிகையும் நான்கு வண்ணக் குழாய்களும் வாங்கலாம். எண்களை இரண்டு மடங்கு, பத்து மடங்கு கூட்டினாலும் படம் பெரிதாக மாறாது. இழந்தது வேலை, திரும்பி வருவது சில்லறை. பயிற்சிக்குக் கொடுக்கும் காசு நியாயமானதுதான், ஆனால் அது கூலித் தேய்மானத்துக்கு மருந்து என்று நினைத்துக்கொண்டால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

இயந்திரம் வரைந்ததற்கு உரிமை உண்டா

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2023 பிப்ரவரியில், மிட்ஜர்னி படங்களோடு வந்த ஒரு சித்திரக்கதையில் எழுத்துக்கும் அடுக்கிய விதத்துக்கும் மட்டும் உரிமை கொடுத்து, படங்களுக்கு மறுத்தது. கட்டளை வாசகம் எழுதியது மட்டும் படைப்பு ஆகாது என்று 2025 ஜனவரி அறிக்கையிலும் சொன்னது. பெய்ஜிங் இணைய நீதிமன்றம் 2023 நவம்பரில் நேரெதிராக, வாசகங்களைத் திரும்பத் திரும்ப மாற்றி உழைத்தவருக்கு உரிமை உண்டு என்றது. இந்தியாவில் 1994 திருத்தம், கணினி உருவாக்கிய படைப்புக்கு ‘அதை உருவாகச் செய்தவர்’ ஆசிரியர் என்கிறது. கருவியை இயக்கியவரா, கருவியை விற்ற நிறுவனமா என்பதை அந்த வரி சொல்லவில்லை.

பதிப்பாளர்கள் யோசிக்க வேண்டிய இடம் இது. இயந்திரத்தில் எடுத்த அட்டையை நாளை வேறொரு பதிப்பகம் எடுத்துப் போட்டால், அமெரிக்கச் சந்தையில் அதைத் தடுக்க உங்கள் கையில் ஒன்றும் இருக்காது. மிச்சம் பிடித்த கூலி அங்கே செலவாகும்.

ஓவியர் இன்றே செய்யக்கூடியது

சிகாகோ பல்கலைக்கழக ஆய்வுக்குழு 2023-இல் கிளேஸ், 2024-இல் நைட்ஷேட் என்ற இரு இலவச மென்பொருள்களை வெளியிட்டது. மனிதக் கண்ணுக்கு அதிகம் தெரியாத மாற்றங்களைப் படத்தில் புகுத்தி, பாணியைக் கற்க வரும் இயந்திரத்தை முதலாவது குழப்பும், இரண்டாவது தவறாகக் கற்கவைக்கும். பயன்படுத்தலாம், ஆனால் ஏற்கெனவே இணையத்தில் கிடக்கும் படங்களுக்கு இவை உதவா. இயந்திரங்கள் இவற்றைத் தாண்டக் கற்றுக்கொண்டே இருக்கும்.

அதைவிட உறுதியான பூட்டு காகிதத்தில் இருக்கிறது.

1. உரிமையை எழுதி விற்றிருந்தால், எத்தனை ஆண்டு என்று குறிப்பிடாதபோது 5 ஆண்டு மட்டுமே செல்லும். இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். இரண்டும் 19-ஆம் பிரிவில் இருக்கின்றன. பழைய ஒப்பந்தங்களைத் தேடி எடுத்துத் தேதியைப் பார்ப்பது வீண்போகாது.

2. ஒப்பந்தம் போட்ட காலத்தில் வழக்கில் இல்லாத பயன்பாட்டு முறைக்கு, அதைப் பெயர் சொல்லிக் குறிப்பிடாவிட்டால், அந்த ஒப்பந்தம் செல்லாது என்கிறது 18-ஆம் பிரிவின் 2012 திருத்தம். 2015-இல் எழுதிக் கொடுத்ததில் செயற்கை நுண்ணறிவுப் பயிற்சி அடங்காது என்று வாதிட இது நல்ல பிடி.

3. புதிய வேலைகளில், ‘பதிப்புரிமை வரைந்தவரிடமே இருக்கும்; இந்த நூலின் அட்டையில் அச்சிட மட்டும் அனுமதி; செயற்கை நுண்ணறிவுப் பயிற்சிக்குத் தர அனுமதி இல்லை’ என்று மூன்று துண்டு வாக்கியம் போதும். 17-ஆம் பிரிவு கேட்பது மாறான ஒப்பந்தம் ஒன்றைத்தான், முத்திரைத்தாளை அது கேட்கவில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பி, எதிர்முனையிலிருந்து ‘சரி’ என்று பதில் வாங்கி வைத்தாலும் சான்றாகக் காட்டலாம். ஆனால் அந்தச் செய்தி தூரிகையைத் தொடுவதற்கு முன் போயிருக்க வேண்டும். முடித்த படத்தோடு சேர்த்து அனுப்பினால் பயனில்லை. முன்கூட்டி எதுவும் பேசாத நிலையில், படம் பிறக்கும்போதே வரையச் சொன்னவருடையதாகத்தான் பிறக்கிறது.